செவலையைத் தின்ற வண்டுகள்

எங்கள் செவலை நாய் சித்தப்பாவின் ஜீப்புக்கு அடியில்தான் செத்தது. பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தவர் அதைப் பார்க்கவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அப்புறம் அவர் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குழி வெட்டாமல், தோட்டத்துக்குக் கீழே வாட்டில் மரத்தடியில் ஒரு சாக்கை விரித்துக் கிடத்திவிட்டு, "பொறவு பொதைச்சுக்கலாம் பாப்பா, சோலி கெடக்கு" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்தடுத்த நாட்களிலும் புதைக்கவில்லை. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், செவலையின் மேல் வண்டுகள். தட்டையான உடம்பு, கருநீல முதுகு, கழுத்து மட்டும் செக்கச்செவேல் என்று, ஏதோ விசேஷத்துக்கு உடுத்தி வந்ததுபோல. குச்சியால் தள்ளினேன், திரும்பி ஏறின. ஒன்றைப் பிடித்து எறிந்தேன். அது என் விரலில் பீய்ச்சிவிட்டுப் போன நாற்றம் சோப்புப் போட்டும் போகவில்லை.

"செத்ததத் திங்கத்தான் அந்த வண்டே இருக்கு. கையக் கழுவிட்டுச் சாப்புட வா," என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒருவருக்கும் இது அநியாயமாகப் படவில்லையே. மறுநாளிலிருந்து சித்தப்பாவின் ஜீப்பில் ஏற மாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். பனிமூட்டத்தில் அவர் வண்டி எனக்குப் பின்னாலேயே மெதுவாக உருண்டு வந்தது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுவாரம் ஒருவழியாக மண்வெட்டியோடு வந்தார். சாக்கைத் தூக்கியதும் அடியிலிருந்து கறுப்பாக வண்டுக் குஞ்சுகள் சிதறி ஓடின. அந்த வண்டுகள் பக்கத்து மண்ணிலேயே முட்டையிடும், பிணத்தில் நெளியும் ஈப்புழுக்களையும் சேர்த்தே தின்னும் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவை எனக்குத் திருட்டுக் கும்பலின் பிள்ளைகள்.

"குஞ்சும் குட்டியுமா இருக்குதுங்க. அதுங்க பாட்டுக்கு இருக்கட்டுமா?" என்றார் சித்தப்பா.

"அது நம்ம நாய். பொதைங்க."

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குழி வெட்டினார். ஒரு நாய்க்கு அவ்வளவு ஆழம் தேவையே இல்லை. குழி அவர் இடுப்புவரை இறங்கிவிட்டது. செவலை கிடந்த பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"நாத்தம் தாங்கலையா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"ஆமா பாப்பா," என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.