வெள்ளைத் துணியில் பட்ட இரத்தம்

பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது எனக்குக் கழுத்தை நிமிர்த்த நேரமிருக்காது. பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்னறை யன்னலோரம்தான் என் தையல் மெசின். அந்த நாட்களில் கதிரை, கட்டில், அலுமாரியின் மேல்தட்டு எல்லாம் வெள்ளைத் துணியாகவே கிடக்கும். அவசரத்தில் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்க மனம் வராது. நூலைப் பல்லாலேயே கடித்து அறுத்துவிடுவேன்.

அப்படி ஒரு நாள் காலை, ஒரு சட்டையை முடித்து மடியில் விரித்தபோது கழுத்துப்பட்டியில் கடுகளவு சிவப்புப் பொட்டு ஒன்று தெரிந்தது. ஊசி குத்தியிருக்கும் என்று பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. வெட்டி விழுந்த துண்டொன்றை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்த்தேன். அதிலும் இளஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

உண்மையைச் சொன்னால் அது அன்றைக்குத் தொடங்கியதல்ல. பல மாதமாகவே பல் விளக்கித் துப்பும் நுரை ரோஸ் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வலி இல்லாததால், பிரஷ் முரடு என்று விட்டுவிட்டேன். நான் கிட்ட நின்று ஏதும் கதைத்தால் என் மனுசன் மெல்ல முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார். நான் சொல்வதைக் காதில் வாங்குகிறாரில்லை என்று கோபித்திருக்கிறேனே தவிர, என் வாய் மணக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

பொட்டைப் பச்சைத்தண்ணியும் சவர்க்காரமும் போட்டுக் கசக்கி எடுத்தேன். சட்டை காய்ந்ததும் அயன் பண்ணி வைத்தேன். அது கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு டீச்சரின் மகளுடையது. டீச்சருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பின்னேரம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். யன்னலுக்கு நேரே சட்டையைத் தூக்கிப் பிடித்தவர் கைவிளிம்பில் விரலை வைத்தார்.

“இதில ஒரு பொட்டு இருக்கே தங்கச்சி. ரத்தம் மாதிரி.”

அங்கேயும் நூல் கடித்திருக்கிறேன். அதை நான் பார்க்கவில்லை.

“ஊசி குத்திப்போட்டுது டீச்சர். தாங்கோ, கழுவித் தாறன்.”

“பெருசாக் குத்தினதா? கையைக் காட்டுங்க பாப்பம்.”

“இல்லை, சின்னது. காஞ்சிட்டுது.” கையைச் சட்டையோடு சேர்த்து மடக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

கழுவிக்கொண்டு நின்றபோது முகம் எரிந்தது. ஒரு பிள்ளை முதல் நாள் போட்டுக்கொண்டு போகிற உடுப்பில் என் வாயின் ஊத்தை. அதை மறைக்கப் பொய் வேறு. இதை மாற்றாமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

டீச்சர் போனதும் கைக்கண்ணாடியையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு யன்னலடியில் இருந்தேன். வாய்க்குள் அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. மேல்வரிசையில் முரசு, அதுதான் பல் ஈறு, வெளிறிய ரோஸ் நிறத்தில் பல்லோடு இறுக்கமாக ஒட்டியிருந்தது. கீழ் முன்பற்களைச் சுற்றி அப்படியில்லை. அங்கே முரசு கடுஞ்சிவப்பாக, விளிம்பு வீங்கி, மினுங்கிக்கொண்டிருந்தது. நகத்தால் மெல்லத் தொட்டேன். இரத்தம் கசிந்தது. ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். எதுவும் ஆடவில்லை. அதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

என் மனுசனுக்குச் சீனன்குடாவில் காவல் வேலை. வந்தவரிடம் விசயத்தைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“கொஞ்ச நாளா வாய் மணக்கிறது. சொன்னா நீர் மனம் நோவீர் எண்டு சொல்லேல்லை.”

மனம் நொந்துதான் போனேன். சொல்லாமல் விட்டதற்குத்தான் கூட நொந்தேன். அவர் சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னார். அவரோடு வேலை செய்யும் தோப்பூர்க்காரர் ஒருவர் உமிக்கரியும் உப்பும் கலந்துதான் பல் தேய்க்கிறாராம். பல் பளிச்சென்று இருக்கிறதாம். அடுத்த நாளே கடதாசியில் சுற்றிய ஒரு சரை உமிக்கரி வந்து சேர்ந்தது.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. சட்டி தேய்ப்பதுபோல நாலு நாள் தேய்த்தேன். பல் வெளுத்தது. முரசு சிராய்ந்து எரிந்தது. குழம்பு பட்டால் கண்ணில் தண்ணி வந்தது. பயந்துபோய், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பற்களை விளக்கினேன். மூன்றாம் நாள் அங்கே வெள்ளையாக அழுக்குப் படிந்து வீக்கம் கூடியது.

டீச்சர் இரண்டாவது மகளின் துணியோடு திரும்பி வந்தது அப்போதுதான். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தேன். தைக்கும்போது விரலில் மாட்டுகிற உலோகத் தொப்பி.

“கையில குத்தினது எண்டு சொன்னீங்க. கடையில கண்டன், உங்கட நினைவு வந்திச்சு.”

அதற்கு மேல் மறைக்க என்னால் ஏலாமல் போய்விட்டது. “டீச்சர், நான் பொய் சொன்னனான். அது விரல் ரத்தமில்லை. என்ர முரசு ரத்தம்,” என்றேன். துணியை இழுத்து வீசுவார் என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். “எவ்வளவு நாளா?”

சொன்னேன். உமிக்கரிக் கதையையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“ரெண்டாவது புள்ள வயித்தில இருக்கக்க எனக்கும் இதுதான். கிளினிக்கில என்னைப் பிடிச்சு இருத்திச் சொன்னாங்க. அழுக்குப் படியிற இடத்திலதான் முரசு வீங்கும். ரத்தம் வருதெண்டு அந்த இடத்தை விட்டா இன்னும் கூடும். கரியை வீசுங்க, வெத்திலையையும் விடுங்க. மெல்லிசான பிரஷ் ஒண்டு வாங்குங்க. பிரஷைக் கொஞ்சம் சரிச்சு, பல்லும் முரசும் சேருற இடத்தில சின்னச் சின்ன வட்டமா, அமத்தாமப் போங்க. காலையிலும் படுக்கப் போகக்கயும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணி ஒரு கிளாசில அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிங்க. குடிச்சிராதீங்க.”

“மாறுமோ டீச்சர்?”

“ரெண்டு கிழமை பாருங்க. மாறாட்டி உப்போட மல்லுக்கட்டாமப் போய்ப் பல் டொக்டரிட்டக் காட்டோணும். வலி இல்லை எண்டு இருந்திராதீங்க. இது வலிக்கிற நேரம் பிந்திப்போன நேரம்.” எழும்பும்போது சொன்னார், “புள்ளைட உடுப்புக்குக் கத்தரிக்கோலை எடுங்க.”

அன்றே கத்தரிக்கோலில் ஒரு நாடாவைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். உமிக்கரி வாழைமரத்தடிக்குப் போனது.

பிரஷும் உப்பும் எனக்குப் பாரமாக இல்லை. வெற்றிலையை விடுவதுதான் பாரம். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு வாய் போட்டுக்கொண்டு மெசினில் இருந்தால்தான் கால் மிதிக்கும். முதல் நாலைந்து நாள் வாய் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. இரண்டு கராம்பை வாயில் போட்டு அடக்கினேன். தைத்தபடி பின்னேரம் முழுக்க உறிஞ்சுகிற சீனித் தேத்தண்ணியையும் ஒரே தடவையில் குடித்து முடித்துப் பச்சைத்தண்ணியால் வாயைக் கொப்பளித்தேன். பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெயைக் கொப்பளிக்கச் சொன்னா. ஒரு வேலையைத் தொடங்கினால் அதை மட்டும்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் மூன்று நாள் இரத்தம் குறையவில்லை. கை பின்வாங்கப் பார்த்தது, விடவில்லை. ஐந்தாம் நாள் நுரை வெளிறியது. எட்டாம் நாள் வெள்ளையாகவே போனது. முரசின் விளிம்பு வற்றி, மேல்வரிசையின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. என் மனுசனும் முகத்தைத் திருப்பாமல் கதைத்தார்.

ஆனால் இரண்டு கிழமை முடிந்தும் ஓர் இடம் மட்டும் அடங்கவில்லை. கீழ் முன்பற்களின் உட்பக்கம். நாக்கால் தடவினால் சொரசொரவென்று சிப்பி ஒட்டிய கல்லைப் போல இருந்தது. அங்கே மட்டும் இன்னும் கசிந்தது. சின்ன வயதில் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்க, நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு பல் டொக்டரின் வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் டீச்சர் சொன்ன கெடு முடிந்துவிட்டது. அடுத்த நாள் மெசினை மூடிவிட்டு கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் ஒரு சின்னப் பெண். பார்த்துவிட்டு, “வீட்டில நல்லாச் செய்திருக்கிறீங்கள். ஆனா இது கல்லாப் போன அழுக்கு. உப்புக்குக் கரையாது, பிரஷுக்கும் வராது. நாங்கள்தான் எடுக்கோணும்,” என்றார். கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கிறீச்சென்று சத்தம்தான், பிடுங்கிய வலியில் கால்வாசியும் இல்லை. சில நாட்களில் அந்த இடமும் ஆறிவிட்டது.

அந்தத் துணிவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனுசனை யன்னலடியில் இருத்தினேன். “எனக்கு ஒண்டுமில்லை, என்னை விடும்,” என்றவரின் வாய்க்குள் டோர்ச்சை அடித்தேன். கீழே இரண்டு பற்களுக்கு முரசு கீழிறங்கி வேர் தெரிந்தது. ஒன்றைத் தொட்டேன், ஆடியது.

“சரி, நாளையிலயிருந்து நானும் உப்புத்தண்ணி கொப்பளிக்கிறன்,” என்றார்.

“கொப்பளியுங்கோ. ஆனா இது உப்புத்தண்ணிக்கு அடங்கிற கட்டத்தைத் தாண்டிட்டுது. எப்ப உங்களுக்கு லீவு?”

“செவ்வாய்க்கிழமை. பிறகு பாப்பம்.”

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவரின் சேட்டை அயன் பண்ணிக் கதிரையில் போட்டுவிட்டு, நானும் சேலை உடுத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போக வாசல் படலையடியில் நின்றேன். அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.