கூழைக்கடா படத்துக்கு முதல் பரிசு

அக்பர் அலி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் ஆத்திரத்தில் சொல்ல மறந்துவிடுவேன்.

உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் அவருக்குப் போட்டோ ஸ்டுடியோ. நான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுக்கிறவன். மயில்சாமி என்றால் அங்கே டீக்கடைக்காரர் வரை தெரியும். மனுவுக்குப் படம் வேண்டுமென்று வருகிறவர்களை அவரிடம்தான் அனுப்புவேன். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பெண் படம். அம்மைத் தழும்பு, மரு, நெற்றியோரம் பழைய தீக்காயம், எதுவானாலும் அவர் கைபட்டால் காணாமல் போகும். பொள்ளாச்சியிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் பெண்ணை பஸ் ஏற்றிக் கூட்டி வருவார்கள்.

ஆரம்பத்தில் அவர் பிரிண்டில்தான் டச்சப் செய்துகொண்டிருந்தார். ஒரு வீட்டார் நெகட்டிவை வாங்கிப் போய் வேறு கடையில் காப்பி போட, கன்னத்து மரு அப்படியே விழுந்து, நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பெண்ணின் அப்பா இவர் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாராம். அன்றிலிருந்து நெகட்டிவிலேயே கைவைக்கத் தொடங்கினார். படத்தில் கறுப்பாக விழப்போவதைப் பென்சிலால் நிரவி விடுவார். வெள்ளையாக விழப்போவதை பிளேடு முனையால் சுரண்டி எடுப்பார். அப்புறம் எந்தக் கடையில் எத்தனை காப்பி போட்டாலும் முகம் பளிங்குதான். யார் முகத்தில் என்ன இருந்தது என்று என்னிடம்கூட ஒரு நாளும் சொன்னதில்லை.

தொண்ணூற்று நாலு, ஆனி மாதம். கொள்ளுக்காட்டுக் குளத்து மீனவர் சங்கத் தலைவர் சென்னகிருஷ்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்ண்ணா, குளத்துல மீன் பூராச் செத்து மெதக்குதுங்க. சாயப்பட்டறைக்காரன் குழாயைத் தொறந்து உட்டுட்டானுங்க. ஒரு மனுப் போடோணுமுங்க."

நாற்பது குடும்பம் அந்தக் குளத்தை நம்பி இருந்தது. குழாயை அடைக்க வைக்காவிட்டால் அவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். படம் ஒட்டாத மனு எந்தக் கூடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அக்பர் அலியைக் கையோடு கூட்டிப் போனேன்.

அந்த நாற்றத்தை இன்றைக்கு நினைத்தாலும் விழுங்க முடியாமல் எச்சில் ஊறுகிறது. கரை நெடுக ஜிலேபிக் கெண்டை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஊதா நிறத் தண்ணீர், அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு நுரை. நுரைக்கு நடுவே, நமக்கென்ன என்று ஏழு கூழைக்கடாப் பறவை. கரையில் அரசாங்கப் பலகை: 'பறவைகள் பாதுகாப்புப் பகுதி. வேட்டையாடுவது குற்றம்.' பலகைக்கு நாலடி தள்ளித்தான் குழாய். சுட்டால் குற்றம், விஷம் வைத்தால் பாதுகாப்பு போலிருக்கிறது!

அக்பர் அலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு ரோலில் இருந்த பன்னிரண்டு படத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பதினொன்றில் செத்த மீன் மட்டும். ஒன்றில்தான் பலகை, குழாய், நுரை, மீன், பறவை எல்லாம் சேர்ந்து விழுந்திருந்தது. மறுநாளே பிரிண்ட் போட்டுத் தந்தார். அந்த ஒன்றை மனுவின் முகப்பில் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து விசாரணை என்றார்கள்.

அதே சமயத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களின் மன்றம் ஒன்று போட்டோப் போட்டி அறிவித்தது. 'காக்கப்பட்ட கடலும் குளமும்' என்று பேர். அரசாங்கம் பாதுகாக்கிற கடல் பகுதிகளையும் ஏரி குளங்களையும் கொண்டாடுகிறார்களாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அக்பர் அலியைச் சீண்டினேன்.

"பாய், அந்தப் படத்தையே அனுப்பிப் போடுங்க. அந்த நாத்தத்தை அவுங்களும் கொஞ்சம் மோந்து பாக்கட்டும்."

"சரிங்ண்ணா" என்று சிரித்தார். அவருடைய கையைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

கல்யாண மண்டபத்தில் பரிசளிப்பு. ராமநாதபுரத்துக் கடல், தீவு, பவளப்பாறை என்று கலர் கலராகத் தொங்கின. குளம் பிரிவில் முதல் பரிசு அக்பர் அலிக்கு. சந்தோஷமாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பலகை இருந்தது. ஏழு கூழைக்கடாவும் இருந்தன. நுரை இல்லை, ஒரு மீன் இல்லை. குழாய் இருந்த இடத்தில் புதர். குளம் கண்ணாடி மாதிரி கிடந்தது.

நடுவராக வந்திருந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, "நமது பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு இந்தப் படமே சாட்சி" என்றார். மண்டபமே கை தட்டியது. இலைத்துண்டில் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். கேசரி நெய்யில் எனக்குச் செத்த மீன் வீச்சம் அடித்தது. கீழே வைத்துவிட்டேன்.

"என்ன பாய் இப்புடிப் பண்ணிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிஜமாகவே விழித்தார். "நாலு பேர் இருக்கற சபைக்குப் போற படமுங்ண்ணா. கறையோட எப்புடி அனுப்பறது? பெருசாப் போடலாம்னு நெகட்டிவை எடுத்து வெச்சேன். கை கேக்கலைங்க."

கழுத்தில் மாலையும் கையில் கோப்பையுமாக அப்படிச் சொன்னார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

விசாரணைக்குப் போனால், மேசைக்குப் பின்னால் அதே நடுவர். மனுவில் ஒட்டிய படத்தையும் பரிசு வாங்கிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஒரே ஆள், ஒரே நேரத்துல எடுத்த படம். இதுல மீன் செத்துக் கெடக்குது. நான் மார்க் போட்ட படத்துல ஒண்ணையும் காணோம். எதுங்க நெஜம்?"

"நெகட்டிவைப் பாத்துருங்க சார், அது பொய் சொல்லாதுங்களே" என்றார் சென்னகிருஷ்ணன், அத்தனை நம்பிக்கையாக. அக்பர் அலி நெகட்டிவிலேயே கைவைக்கிறவர் என்பது அவருக்குத் தெரியாது.

அக்பர் அலி பையிலிருந்து நெகட்டிவை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பலகை, ஏழு பறவை, சுத்தமான தண்ணீர்.

"நான்தானுங்க சுரண்டுனேன்." அக்பர் அலி எழுந்து நின்றார். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத தொழில் ரகசியத்தை அத்தனை பேர் முன்னால் சொன்னார். "சாய்ச்சுப் புடிச்சுப் பாருங்க சார், பிளேடுத் தடம் தெரியும். கோப்பையைத் திருப்பிக் குடுத்தர்றனுங்க. மனுவுல இருக்கறதுதானுங்க நெஜம்."

அதிகாரி கோபப்படவில்லை. "இத்தனை சுத்தமா அழிக்கத் தெரிஞ்சவருக்கு நாலு மீன் வரையத் தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

நான் மற்ற பதினொரு படத்தைக் காட்டினேன். எந்தக் குளத்து மீன் என்று கேட்டார். செத்த மீன் ஊர்ப்பேர் சொல்லுமா? குளத்தை நேரில் போய்ப் பாருங்கள் என்றேன். முந்தின நாளே பார்த்துவிட்டாராம். விசாரணை முடியட்டும் என்று பட்டறைக்காரன் குழாயை மூடி வைத்திருந்தான். ஆவணி மழையும் பெய்து நுரையை அடித்துக்கொண்டு போயிருந்தது. மனு தள்ளுபடி.

தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது. யார் மேல் துப்புவது? அழகாக இருப்பதைத்தான் நம்புவேன் என்கிற அதிகாரி, கறையைக் கண்டால் கை நிற்காத போட்டோக்காரர், வாய்க்கொழுப்பில் யோசனை சொன்ன நான். வராண்டாவுக்கு வந்தோம். சென்னகிருஷ்ணன் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை குழாயைத் திறந்துவிட்டார்கள். விஷயம் காதில் விழுந்ததும் அக்பர் அலி கடையைச் சாத்திவிட்டு, காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடினார். மறுபடியும் அதே நாற்றம், அதே நுரை. கரையில் ஆட்களோடு நின்றிருந்த சென்னகிருஷ்ணன் எங்களைக் கண்டதும் எதிரே வந்து வழியை மறித்துக்கொண்டார்.

"ஒரு பொட்டுக்கூடத் தொட மாட்டனுங்க. சத்தியமாச் சொல்றேன்" என்றார் அக்பர் அலி.

"உங்க மேல கோவமில்லீங்க பாய். ஒரு காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார் சென்னகிருஷ்ணன். "படம் மட்டும் வேண்டாமுங்க. நீங்க படம் எடுத்தா, நாங்க கண்ணால பாத்ததும் பொய்யாப் போயிருதுங்க."