துபாயிலிருந்து வராத சம்மதம்

போன வாரம் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கி எதையோ ஒட்டவைத்தார். நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது. "தள்ளி நில்லுங்கக்கா, புகை ஆகாது" என்றார். அந்தப் புகைக்காகத்தான் நெருங்கி நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாசனையை நான் முதலில் முகர்ந்தது நாகூரில், ஜரீனா வீட்டுக் கூடத்தில். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருந்த சமயம். ஜரீனா என் பெஞ்சுக்காரி. அவள் வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய டேப்ரெக்கார்டர் ஊமையாகிவிட்டது. ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை இரவல் வாங்கிவந்து, அதன் வயிற்றைத் திறந்து, அறுந்த வயரைப் பற்றவைத்துப் பேசவைத்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். விஞ்ஞானத்துக்கு என் பங்கு அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் ஊருக்கே ஒரு கேள்விதான்: "ப்ளஸ் ஒன்ல எந்த குரூப்பு?" முதல் குரூப் என்றால் டாக்டர், என்ஜினீயர். என்னைப்போல் கணக்கில் வழுக்கி விழுந்தவர்களுக்கு மூன்றாவது குரூப். அதற்கும் கீழே என்று ஊர் நினைத்த இடத்தில் ஐடிஐ, டைப்ரைட்டிங், பாலிடெக்னிக், பாஸ்போர்ட். ஜரீனாவோ பள்ளியிலேயே முதல் மார்க்கு. தலைமையாசிரியை அவளை முதல் குரூப்பில் மனசுக்குள் சேர்த்தே விட்டார். அவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் என்று நின்றாள்.

"மார்க்கு வராதவ போற எடம்டி அது" என்றேன்.

"அங்கதான்டி கழட்டிப் பாக்க விடுவாங்க."

சரி சொல்ல வேண்டியவரோ துபாயில் ஒரு துணிக்கடையில் இருந்தார். வாப்பாவைக் கேட்காமல் அந்த வீட்டுச் சுவருக்கு வெள்ளைகூட அடிக்கமாட்டார்கள். போனில் பேசுவது பெருநாளைக்கும், மௌத்து என்கிற சாவுச் செய்திக்கும்தான். மற்றதெல்லாம் கேசட். பேசிப் பதிந்து, சபர் என்று வெளிநாட்டுப் பயணம் போகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். அங்கே அவர் கேட்டு, பதில் பேசி, திரும்புகிற யார் கையிலாவது தருவார்.

பேசுகிற நாளில் ஃபேனை நிறுத்திவிட்டோம். வியர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜரீனாவின் உம்மா கத்திக் கத்திப் பேசினார்கள், துபாய் தூரமாச்சே. அப்புறம் ஜரீனா: "வாப்பா, ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வரும். டாக்டர் வேணாம். இந்த டேப்புக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும். சரின்னு சொல்லுங்க வாப்பா." நடுவில் பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்றும் தன் கருத்தைச் சொன்னது.

கேசட் பக்கத்து வீட்டு அன்வர் கையில் போயிற்று. அவருக்கு அப்போதுதான் விசா வந்திருந்தது. தெருவே கூப்பிட்டு விருந்து வைத்தது. வீடு வீடாகச் சலாம் சொல்லிப் புறப்பட்டார்.

பதில் வரவில்லை. தஞ்சாவூர்ப் பெண்கள் பாலிடெக்னிக்கில் நேரில் வரச்சொன்ன நாள் வந்துவிட்டது. அன்று வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. உம்மா புர்காவை மாட்டிக்கொண்டு, "போய்த்தான் பாப்போம். நீயும் வாம்மா, பொண்ணுங்க ரெண்டு பேரா இருந்தா ஊர்ல பேச்சு வராது" என்றார்கள். வழியெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸே பச்சையாக மணத்தது. ஜரீனா எதையும் பார்க்கவில்லை. விரல் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருவாரூரில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஏறினார். அன்வர்.

விருந்து சாப்பிட்டுச் சலாம் சொல்லிக் கிளம்பியவருக்குப் பயணம் தள்ளிப்போனால், எங்கள் பக்கத்தில் அதைவிட வெட்கம் இல்லை. தெருவில் தலைகாட்ட முடியாது. 'எப்ப வந்தீங்க துபாய்லேர்ந்து?' என்றே கொன்றுவிடுவார்கள். மனுஷர் அக்கா வீட்டில் ஒளிந்திருந்திருக்கிறார். ஏஜெண்டைப் பார்க்கத் தஞ்சாவூர் போகிறாராம்.

"லாத்தா, யார்ட்டயும் சொல்லிறாதீங்க. அடுத்த வாரம் கட்டாயம்ங்குறான்" என்று உம்மாவிடம் கெஞ்சினார்.

ஜரீனாவின் கண் நிறைந்துவிட்டது. அப்படியென்றால் வாப்பா எதையுமே கேட்கவில்லை. உம்மா நிதானமாக, "நான் உன்னப் பாக்கல தம்பி. நீயும் என்னப் பாக்கல. கேசட்ட மட்டும் குடு" என்றார்கள். அவர் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார்.

பாலிடெக்னிக் முதல்வரம்மா கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "அப்பாவுக்குச் சம்மதந்தானே? பாதியில வந்து கல்யாணம்னு சொல்லி நிறுத்தக்கூடாது."

கேசட் உம்மாவின் கைப்பைக்குள் இருந்தது.

"முழுச் சம்மதம்" என்றார்கள். குரலில் ஒரு பிசிறு இல்லை. அரிசி விலையைக்கூட அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டே சொல்லுகிற பெண்மணி. அன்றைக்கு அந்த நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்திருந்த தோரணை எனக்கு இன்றுவரை வரவில்லை.

அன்று சாயங்காலம் அதே கேசட்டில், பழைய பேச்சை அழித்துவிட்டு, உம்மா திரும்பவும் பேசினார்கள். இந்தத் தடவை கத்தவில்லை. "உங்க சம்மதத்தோட புள்ளய சேத்துட்டேன். உடம்பப் பாத்துக்கங்க." அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்தக் கேசட்டோடு அன்வர் நிஜமாகவே பறந்தார்.

பதில் வந்தபோது குறுவை கதிர் வாங்கியிருந்தது. டேப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் ஒரு செருமல். அப்புறம் நீளமாக ஒரு மௌனம். உம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு வாப்பாவின் குரல், கனமாக, குடும்பத் தலைவரின் குரல்: "ஜரீனா, நான் சொன்னபடியே சேந்துட்டே. சந்தோஷம். நல்லாப் படி."

ஜரீனா என்னைப் பார்த்தாள். உம்மா எழுந்து, உலை கொதிக்கிறது என்று போய்விட்டார்கள்.

ஜரீனா படித்து, சென்னைப் பக்கம் புதிதாக வந்த டிவி தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, அங்கே ஒரு பிரிவுக்கே பொறுப்பாளியானாள். நான் மூன்றாவது குரூப்பில் வரவும் செலவும் ஒன்றாக வராமல் திண்டாடி, எழுத வந்துவிட்டேன்.

கேசட்டுக் காலம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு போன இன்னொன்றைத்தான் நினைக்கிறேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அன்றைக்கு ஒரு கடல் கிடந்தது. அதைத் தாண்டிச் சொல் போய்ச்சேருவதற்குள் இந்தக் கரையில் வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். ஆண்களின் பெயரைச் சொல்லி, தங்கள் புத்தியால் நடத்தினார்கள். இப்போது கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடுகிறது, முகத்தோடு. வாப்பா சொல்லாத ஒரு 'சரி'யைத் தானே சொல்லிவிட்டு வர, இப்போது எந்த உம்மாவுக்கும் அவகாசமில்லை.