உப்பை விட்டவர்

ஜ்வாலாமாலினிக்குச் சந்தேகம் தொழிலோடு வந்த குணம். ஆரணி சேவூரில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து, பட்டுச்சேலைக்குப் புட்டா டிசைன் போட்டு, தறிக்காரர்களுக்கு, தறியில் மாட்டும் துளை அட்டை அடித்துக் கொடுக்கிறாள். அட்டையில் ஒரு துளை தவறினால் சேலை முழுக்க மயிலுக்குக் கண் இருக்காது. அதனால் எதையும் நான்கு தடவை பார்ப்பாள். இருபத்தாறு வருஷமாகக் கணவரையும் அப்படித்தான் பார்த்து வந்தாள். மனிதர் ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

இப்போது மாட்டிக்கொண்டார். ஜரிகைக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் அப்பாண்டைராஜ், கோயிலைத் தவிர வேறெங்கும் பெண்டாட்டியைக் கூட்டிப் போனவரில்லை. அவர் திடீரென்று, "மாலினி, ஞாயித்துக்கிழமை ஏலகிரி போலாம். ரிசார்ட்ல நாள் பூரா இருந்துட்டு வரலாம்" என்றால் யார் நம்புவார்கள்?

வேறு பெண் என்று அவள் நினைக்கவில்லை. அது ஊரில் மற்றவர்களுக்கு வரும் பயம். சமணக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு வேறொரு பயம் உண்டு. மூன்று மாதமாக அவர் சோற்றில் உப்பு சேர்ப்பதில்லை. அடுத்து நெய்யை விட்டார். அவளுடைய பெரியப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்தார். முதலில் உப்பு, பிறகு நெய், பிறகு தயிர், கடைசியில் பெரியம்மா. ஒருநாள் எல்லாரையும் உட்காரவைத்து, துறவு போகச் சம்மதம் கேட்டார். பெரியம்மா தலையாட்டினாள். ஊரே அவளைப் புகழ்ந்தது. அவள் அடுப்படியில் அழுததைப் பார்த்தவள் ஜ்வாலாமாலினி மட்டும்தான்.

போன தை மாதம் மகள் சந்தனாவுக்குக் கல்யாணம் முடிந்தது. கடமை தீர்ந்தது, இனி இவர் கிளம்புவார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வீட்டார் சம்மதமில்லாமல் தீட்சை தரமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் "மாட்டேன்" என்று மனதுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டே போனாள்.

ஏரியில் மிதிபடகு. இரண்டு பேரும் மிதிக்க வேண்டியது. அவர் மடியில் கை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் ஒருத்தியே மூச்சுவாங்க மிதித்தாள்.

"இன்னாங்க, ஒரு மிதி மிதிக்கக் கூடாதா?"

"நீ மிதி. பாக்க நல்லாக்கீது."

ரிசார்ட்டில் வில்லும் அம்பும் கொடுத்தார்கள். அவள் விட்ட மூன்று அம்பும் புல்லில் போய் விழுந்தன. அதற்கும் கைதட்டினார். இருபத்தாறு வருஷத்தில் அவள் சமையலுக்குக்கூடத் தட்டாத கை. பள்ளத்தின் மேல் கம்பியில் தொங்கிப் போகும் ஜிப்லைனில் அவளை மட்டும் ஏற்றிவிட்டார். ஐம்பது வயதில் கொண்டைமேல் ஹெல்மெட்டோடு அவள் கத்திய கத்தலில் மலையே திரும்பிப் பார்த்தது. அரை நிமிஷம் துறவு, தீட்சை எல்லாம் மறந்தே போயின. அந்தப் பக்கம் இறங்கித் திரும்பிப் பார்த்தால், அவர் நெஞ்சில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். விடைபெறுகிறாரோ என்று தோன்றியது.

மலையுச்சிக்கு நடக்கும்போது பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ட்டு வா. எனக்கு இதுவே போதும்."

போதுமாம். பெரியப்பா வாயிலும் அந்தச் சொல்தான் இருந்தது. அவள் பத்தடி போய், மரத்தின் பின்னால் நின்றாள். அவர் போனை எடுத்தார்.

"புதன்கிழமை வந்துடறேங்க. வீட்ல இன்னும் சொல்லல. அவ சம்மதிக்கணுமே... இன்னிக்கே கேட்டுடறேன்."

உச்சியில் என்ன இருந்ததென்று அவள் பார்க்கவே இல்லை.

பொழுது சாயுமுன் சாப்பிட்டாக வேண்டிய குடும்பம் என்பதால் ஐந்தரைக்கே உணவறையில் உட்கார்ந்தார்கள். உப்பில்லாத உப்புமாவை அவர் பாதியில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"மாலினி, இதுல நீ ஒரு கையெழுத்துப் போடணும்."

"மாட்டேன்."

"இன்னான்னு தெரியாமயே..."

"தெரியும். மூணு மாசமா பாத்துகினுதான இருக்கறேன்? உப்பை விட்டீங்க, நெய்யை விட்டீங்க. அடுத்தது நான்தான? எங்க பெரியம்மா மாதிரி தலையாட்டி உங்களத் துறவறத்துக்கு அனுப்ப மாட்டேன்."

அவர் விழித்தார். "டாக்டர்தான் உப்பை விடச் சொன்னாரு."

காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் படிவம். இதயத்தில் மூன்று அடைப்பு. புதன்கிழமை சேர்க்கை, மறுநாள் ஆபரேஷன். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று தெரிந்தே சம்மதிப்பதாகக் கீழே அச்சடித்திருந்தது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அன்னையிலேர்ந்து அழுதுகினே இருப்ப. ஒரு நாளாவது உன்னைச் சிரிக்க வெச்சுட்டுச் சொல்லலாம்னு பாத்தேன்."

அவரை அடித்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. துறவென்றால் "மாட்டேன்" என்ற ஒரே சொல்லில் இழுத்துப் பிடித்திருக்கலாம். இதற்கு மாட்டேன் என்றால் நிச்சயம் போய்விடுவார். சரியென்றாலும் போய்விடக்கூடும்.

பேனாவை வாங்கினாள். கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. காகிதத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னாள்:

"பொழச்சு வாங்க. அப்புறம் துறவறம் போறேன்னாலும் சரி, அதுக்கும் கையெழுத்துப் போடறேன்."