ஒரு சுற்றுக்கு ஒரு கோடு

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் அப்போது நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்து வரும் பச்சைக் காயை விறகு அடுப்புச் சூட்டில் காய வைக்கிற கட்டிடம். அங்கேயே நான் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். நான் போடிப் பக்கத்துச் சிலமலைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு, ஆஸ்துமா. மலைக் குளிரும் ஸ்டோர் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கீழே இறங்கிப் போய்விடலாம் என்று நான் சொல்லாத நாளில்லை. பச்சை நிறம் மாறாமல் காய் காய வைக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அது உண்மையும்கூட. அதனால் அதற்கு மேல் என்னாலும் பேச முடியாது.

மாத்திரைக்கு அடங்காத இழுப்பு வந்தால் நரம்பில் ஊசி போட வேண்டும். அமினோபிலின் என்று மருந்துக்குப் பெயர். போடியில் ஒரு கம்பவுண்டர், ஊசியை ஏற்றியதும் விருட்டென்று அமுக்கிவிடுவார். இவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், குமட்டும், அப்புறம் மூச்சு வரும். படபடப்பு வந்தால்தான் மருந்து பிடித்திருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. அந்தக் கம்பவுண்டர் கைராசிக்காரர் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எஸ்டேட்டிலும் ஒற்றை அறையில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் ஒரு மலையாள நர்ஸம்மாதான். என்னைவிட இளையவர், அதிர்ந்து பேசமாட்டார். ஒரு காயத்துக்குக் கட்டுப் போடுவதென்றாலும் ஆற அமரத்தான் போடுவார். அந்தம்மாவிடம் போனால் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நான் கேலி பேசித் திரிந்தேன்.

அன்றைக்குக் காலையிலேயே எஸ்டேட்டின் ஒரே ஜீப்பு ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கிவிட்டது. விடாத சாரல். விறகெல்லாம் ஈரம். ஸ்டோருக்குள் புகை மண்டிவிட்டது. உள்ளே போய்க் காய்த் தட்டுகளைப் புரட்டிவிட்டு வெளியே வந்த என் வீட்டுக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பேச்சு வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. எத்தனையோ இழுப்பைப் பார்த்தவள் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்க, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

கட்டிலில் படுக்க வைக்கப் போனோம். நர்ஸம்மா தடுத்தார்.

"கிடத்த வேண்டா. உட்காரட்டே" என்று சொல்லி, மேஜைமேல் தலையணை போட்டு, அதன்மேல் அவரைக் கவிழ்ந்து சாய வைத்தார். மாத்திரை கேட்காவிட்டால் இந்த ஊசி போடலாம் என்று டாக்டர் முன்பே எழுதி வைத்திருந்தார். கண்ணாடி ஊசிக்குழாய் கொதிநீரில் கிடந்தது. மருந்தை அதில் ஏற்றி, நரம்பு பார்த்து ஒரே குத்தில் இறக்கினார். அப்பாடா என்று நினைத்தேன். கொஞ்சூண்டு அமுக்கிவிட்டு நிறுத்திவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னம்மா வெளையாடுறீக? மனுசன் மூச்சுக்குச் சாகுறாரு, வெரசா அமுக்குங்க" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா, என் கையில வாச்சு இருக்கு. அதைக் கழட்டுங்க. ரெண்டு கையும் எனக்கு இங்க வேணும். பெரிய முள் இல்ல, ஓடுற முள்ளு, அது ஒரு சுத்து வந்தா சொல்லுங்க. ஒரு சுத்துக்கு ஒரு கோடுதான் மருந்து போகணும்" என்றார்.

ஊசிக்குழாயில் பத்துக் கோடு இருந்தது. பத்துச் சுற்றா என்று மலைத்துப்போனேன். ஆனாலும் கழற்றி வாங்கிக்கொண்டேன். ஒன்று சொன்னேன், ஒரு கோடு இறங்கியது. இரண்டு, மூன்று. அந்த முள் ஊர்ந்த மாதிரி எதுவும் ஊர்ந்து நான் பார்த்ததில்லை. இவருடைய விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்வந்தது.

நான்காவது சுற்று பாதிகூட ஆகவில்லை. "நாலு" என்றேன். அவர் என்னை நம்பி அமுக்கினார். ஐந்தையும் ஆறையும் அப்படித்தான் சொன்னேன். என் மனுசனை நான் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

ஆறாவது கோடு இறங்கியதும் இவர் கை வெடவெடவென்று நடுங்கியது. ஓங்கரித்தார். நெஞ்சு அடித்த அடி சட்டைக்கு மேலேயே தெரிந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று நான் நினைத்த அந்த நொடியில் நர்ஸம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஊசி அப்படியே இருக்க, அமுக்குவதை நிறுத்திவிட்டு, இவர் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, வாச்சு சரியா பார்த்தோ?"

"இல்லம்மா. பாதியிலயே சொல்லிட்டேன். மூணு தடவ" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். வாட்சைப் பிடுங்குவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் நின்ற இரண்டு பேரில் ஒருவரிடம் கொடுத்திருக்கலாம். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "இந்த மருந்து மூச்சைத் திறக்கும். வேகம் போனா நெஞ்சை நிறுத்தும். கொஞ்சம் நிக்கட்டே. நான் சொன்ன பின்னே நீங்க ஏழாவது சுத்து பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

துடிப்பு தணிகிற வரை காத்திருந்தோம். பிறகு அந்த முள்ளை நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு சுற்றையும் முழுதாகச் சொன்னேன். பத்தாவது கோடு முடியும்போது மூச்சின் விசில் சத்தம் குறைந்திருந்தது. உதட்டில் ரத்தம் திரும்பியது. தலையைத் தூக்கி இவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டோர்ல அடுப்ப யாரு பாக்குறா?" அழுதுகொண்டே சிரித்தேன். நர்ஸம்மாவும் சிரித்தார். அவர் சேலை முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. சாரலும் குளிருமாக இருந்த அந்த நாளில்.

மத்தியானம் ஜீப்பு வந்ததும் போடிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, மருந்து போட்ட கைக்குக் கும்பிடு போடுங்கள் என்றார். நான் அதை முன்பே போட்டிருந்தேன். அதற்கப்புறம் யார் ஊசி போட்டாலும் மெதுவாகப் போடச் சொல்லி நானே பக்கத்தில் நிற்பேன். நர்ஸம்மா ஒன்றிரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விட்டார். நான் பொய் சொன்னதை அவர் டாக்டரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் நானே ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன்.

பின்னாளில் காய் தரம் பிரிக்க என்னிடம் வேலைக்கு வந்தவர்களோ என் பிள்ளைகளோ ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு நின்றால், என் நீள வாய் இன்றும் முதலில் திறக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம், என் வீட்டுக்காரர் உயிர் ஊசி முனையில் இருந்தபோது, பொய் சொன்ன என் கையிலிருந்து அந்த அம்மா வாட்சைத் திருப்பி வாங்கவில்லை என்பது ஞாபகம் வரும், வாயை மூடிக்கொண்டு அந்த வேலையை அவர்கள் கையிலேயே மறுபடி கொடுத்துவிடுவேன்.