செம்போத்தைப் பார்க்காத கண்

ஞாயிற்றுக்கிழமை காலை, பறவை பார்க்கக் கிளம்பிய ஏழெட்டுப் பேர் நன்மங்கலம் காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். புதருக்குள்ளிருந்து "ஊப், ஊப்" என்று அடித்தொண்டையில் ஒரு குரல் வந்தது.

"செம்போத்து சார், அந்த முள்ளுப் புதர்ல கீது," என்று கூட வந்த வனக்காவலர் கிசுகிசுத்தார். எல்லோரும் போனை உயர்த்தினார்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே முள்ளுக்காடுதான். அப்பா துபாய் வேலைக்குக் கிளம்பிய அன்று ஆட்டோ வாசலில் காத்திருந்தது. கிளம்புகிறவர் செம்போத்தைப் பார்த்தால்தான் போகிற காரியம் நடக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. "கொஞ்சம் இருங்க, இப்ப வந்துரும்," என்று காட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது வரக்கூடாது என்று அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி வேண்டிக்கொண்டேன். செம்பழுப்புச் சிறகு தெரிந்ததும் இரண்டு கைகளாலும் அவர் கண்களைப் பொத்தினேன். இமைகள் என் உள்ளங்கையில் படபடத்தன. சிரித்துக்கொண்டே கைகளை விலக்கினார்.

"பாத்துட்டேன். வரேன்," என்றார் அம்மாவிடம்.

அதற்கப்புறம் அவர் லீவுக்கு வந்துபோகும் விருந்தாளி.

"பாத்தீங்களா சார்?" என்றார் காவலர்.

நன்றாகவே பார்த்திருந்தேன். "இல்லைங்க," என்றேன். பார்த்தேன் என்று சொன்னால் யாராவது கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. இத்தனைக்கும் என் வீட்டிலிருந்து கிளம்ப இப்போது என்னைத் தவிர யாருமில்லை.