பெரகலயில் இறக்கிவிடப்பட்டோம்

என் மூத்த மகள் பல் முளைக்கும் முன்பே பல்செட்டு போட்டவள். இதை எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். அந்தச் செட்டை வாங்கப் போன கதையைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பை நானே முதலில் ஆரம்பித்துவிடுவேன். இல்லாவிட்டால் என் முகத்தை எங்கே வைப்பது?

எழுபதுகளின் நடுப்பகுதி. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். பிள்ளை மேலுதடு பிளந்து, அண்ணத்தில் ஓட்டையோடு பிறந்தாள். குடித்த பால் மூக்கு வழியாக வரும். எடை ஏறினால்தான் உதட்டைத் தைக்கலாம் என்றார்கள் பதுளை ஆஸ்பத்திரியில். அதுவரை பிளவு நெருங்கி வரட்டும் என்று, கன்னத்துக்குக் கன்னம் இழுத்துப் பிளாஸ்டர் ஒட்டினார்கள். ஓட்டையை அடைக்கத் தகடு செய்ய, பல் டாக்டர் பிள்ளையின் வாயில் மாவு போன்ற ஒன்றை அழுத்தி அச்செடுத்தார்.

"அடுத்த புதன்கிழமை பகல் பன்னண்டுக்கு முந்தி வந்துருங்க. பிந்துனா வாய் வளந்துரும், தகடு பொருந்தாது."

அந்தப் புதன்கிழமை மனைவியோடு பஸ்ஸில் ஏறியதும் என் சால்வையால் பிள்ளையின் முகத்தை மூடினேன். குளிருக்கு என்றேன். அன்று நல்ல வெயில்.

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். "புள்ளய காட்டுங்க தம்பி, பாப்போம்."

தோட்டத்தில் ஒருத்தரையும் விடாமல் நையாண்டி பண்ணுகிற என் வாய்க்கு ஒரு நல்ல பொய்கூட அகப்படவில்லை. "வேணாங்க. அம்மை போட்டிருக்கு."

"ஆத்தா வந்த புள்ளய வீட்ட வுட்டு வெளிய கொண்டாரலாமாய்யா? ஒரு கொத்து வேப்பிலகூட இல்லாம!" கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். பாதி பஸ் அவளோடு ஓடியது. சிலர் கும்பிட்டபடியே ஓடினார்கள்.

கொண்டக்டர் மணியடித்தார். "எறங்குங்க, எறங்குங்க! எல்லாருக்கும் தொத்தும்."

"இல்லங்க, சும்மா சொன்னேன்…"

"அம்மைய யாரும் சும்மா சொல்வாங்களா?"

பெரகல சந்தியில் மூன்று பேரும் நின்றோம். மனைவி பிள்ளை மேலிருந்த சால்வையை உருவி என் தோளில் போட்டாள்.

"இது ஒங்களுக்குத்தான் வேணும். மூஞ்சிய மூடிக்குங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பஸ் வந்தபோது அவள் முந்தி ஏறி, பிள்ளையைக் கொண்டக்டர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"நல்லா பாத்துக்குங்க. அம்மையும் இல்ல, ஒன்னும் இல்ல. ஒதடு பொளந்து பொறந்த புள்ள. பதுளைக்குத் தகடு போடப் போறோம். பன்னண்டுக்குள்ள போகணும்."

பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. நான் சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் ஒளித்தேன். அதற்குள் ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு, "பால் குடிக்குதாம்மா?" என்று கேட்டார். யாரோ டிரைவரிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார்கள். மனுஷன் வழியில் பண்டாரவளையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தார்.

நாங்கள் ஓடிப்போய் நின்றபோது பல் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் திரும்பவும் திறந்தார். தகடு பொருந்தியது. பல்லில்லாத சின்னப் பல்செட்டு, ரோஸ் நிறம். பிள்ளை துப்பப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு குடித்தாள். மூக்கில் பால் வரவில்லை. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளை என் மடியில், முகம் மூடாமல். பக்கத்து ஆள் குனிந்தார். "புள்ளைக்கு என்னங்க?"

நான் வாயைத் திறந்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"அவ அம்மாகிட்டயே கேளுங்க" என்றேன்.